சீட்டில் விழுந்த பெயர்

நான் சொல்லப்போவதெல்லாம் அப்படியே நடந்ததுதானா என்ற ஐயம் எனக்கு உண்டு. அன்று மழை தூறியதா, வெயில் எறித்ததா என்பதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மெல்ரோய் போட்டிருந்த சேட் ஒரு நாள் நினைவில் நீலமாக வருகிறது. இன்னொரு நாள் மண்ணிறமாக வருகிறது. அதைவிடப் பெரிய சங்கடம், அந்த நாட்களில் மீன்பிடி வாடியில் வாசிக்கப்பட்ட நாவலிலும் வெட்டும் குத்தும் நிறைய இருந்தன. கப்பல் தளத்தில் ஒருவனைச் சங்கிலியால் அடிக்கும் இடம் ஒன்று அதில் வரும். கண்ணை மூடினால் அந்தச் சங்கிலியும் றிக்சனின் கையில் இருந்த ஈயக்கயிறும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. எது புத்தகம், எது சவுக்குமுனைக் கரை என்று பிரிக்க நேரம் பிடிக்கிறது.

பிரித்த அளவில் எழுதுகிறேன்.

எனக்கு ஐஸ் வியாபாரம். லிங்கநகரில் வீடு. விடியும் முன்னே பழைய பட்டா லொறியில் ஐஸ்கட்டிகளை ஏற்றி, உமி போட்டு மூடி, நிலாவெளி வீதியால் போய் ஒவ்வொரு வாடியாக இறக்குவேன். திரும்பும்போது மீன் ஏற்றித் தம்பலகாமம் பக்கம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கரையில் எனக்குப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் நான் ஐஸ் அண்ணை. அதிகம் கதைக்க மாட்டேன் என்பதால் என் முன்னால் எதையும் கதைப்பார்கள்.

சவுக்குமுனையில் கரைவலை பஸ்தியாம்பிள்ளையினுடையது. வலையும் படகும் வைத்திருப்பவரைச் சம்மாட்டி என்பார்கள். அவர் கட்டையான, கழுத்துத் தடித்த மனிதர். தென்னோலைக் கிடுகு வேய்ந்த அவருடைய வாடியில்தான் தொழிலாளிகள் சாப்பிடுவதும் படுப்பதும் கிழிந்த வலை பொத்துவதும். காலையில் படகு வலையை வளைத்துப் போட்டுவிட்டு வந்ததும், இரண்டு தலைப்புக் கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பின்பக்கமாக நடந்து நடந்து இழுப்பார்கள். குதிகால் மணலில் புதையும். முதுகில் வெயில் ஏறும். மெல்ரோய் வலை இழுக்கும் பாட்டான அம்பா பாடுவான். மற்றவர்கள் ஏற்று இழுப்பார்கள். அவன் புல்மோட்டையில் மணல் வேலைக்குப் போய்ச் சரிவராமல் திரும்பி வந்தவன், கலியாணம் கட்டாதவன். வாடியில் சமையலும் அவன்தான். சூரை மீனை மிளகாய் அள்ளிப் போட்டு அவன் வைக்கும் குழம்பை நினைத்தால் இப்போதும் எனக்கு மூக்கால் தண்ணீர் வரும்.

வலை பொத்தும் பின்னேரங்களில் யாருடைய கையும் சும்மா இருக்காது. ஊசியும் நூலும் பிடித்த விரலால் கைபேசியைத் தடவ ஏலாது. அதனால்தான் வாசிப்புத் தொடங்கியது. வாசித்தவள் அஞ்சலினா, தொழிலாளி றிக்சனின் மனைவி. கோயில் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். அந்தோனியார் கோயிலின் பங்கு மண்டபத்தைத் துப்புரவாக்கியபோது எரிக்கக் குவித்த புத்தகங்களில் இருந்து அந்தத் தடித்த நாவலை எடுத்து வந்திருந்தாள். எந்த நாட்டிலோ எப்போதோ எழுதப்பட்டு, தமிழில் பெயர்த்த பழைய மாயசாகசக் கதை. பனியரசன் உலகத்தின் வெளிச்சவீடுகளில் எரிந்த நெருப்பையெல்லாம் களவெடுத்துப் போகிறான். அதை மீட்க 'வெண்கொக்கு' என்ற கப்பலில் ஒரு கூட்டம் புறப்படுகிறது. பாம்புத்தீவு வருகிறது, வீடளவு நண்டு வருகிறது, பாடும் வாள் ஒன்று வருகிறது.

றிக்சன் அதுவரைக்கும் வலை வேலை முடிந்தால் சாராயக் கடைக்குப் போகிறவன். புத்தகம் வந்த பிறகு போவதில்லை. வாயைப் பிளந்துகொண்டு இருந்து கேட்பான். அஞ்சலினா வாசிப்பதை நிறுத்தினால் சின்னப்பிள்ளை போல முகம் கறுப்பான். அவர்கள் வீட்டுக்குள் சத்தம் குறைந்தது அந்த ஆண்டில்தான். வாசிக்கிறவளுக்கும் ஒரு பங்கு கறிமீன் கொடுக்க வேண்டும் என்று சம்மாட்டி சொல்லிவிட்டார். கயிறு பிடிக்காத ஒருத்திக்கு அந்தக் கரையில் பங்கு கிடைத்தது அதுவே முதல் தடவை.

கதையில் வரும் பெயர்களை ஆளுக்கொன்றாக எடுப்போம் என்று சொன்னவன் மெல்ரோய்.

"சம்மாட்டிதான் கப்பித்தான் தாரோஸ். அந்தத் தொப்பைக்கு வேற பேர் பொருந்தாது," என்றான்.

"அதெல்லாம் உன்ர வாய்க்கு வந்தபடி குடுக்க ஏலாது," என்றார் பாக்கியரத்தினம். வாடியில் வயதுக்கு மூத்த தொழிலாளி, பல் இல்லாத மனிதர். "சீட்டுப் போடு."

அந்தக் கரையில் சீட்டு என்றால் விளையாட்டு இல்லை. எந்த வலை எந்த இடத்தில் எந்த முறைக்கு இறங்குவது என்று ஆண்டுக்கொரு முறை அந்தோனியார் கோயில் முற்றத்தில் சீட்டுப் போட்டுத்தான் பிரிப்பார்கள். மீன்படும் நல்ல பாடு விழுந்தவன் சிரிப்பான், கெட்ட பாடு விழுந்தவன் சிலுவை போட்டுக்கொண்டு போவான். ஒருவரும் மறுத்துக் கதைத்ததில்லை. கடவுளின் கை அது என்பார்கள்.

சிகரட் பெட்டி மட்டையைக் கிழித்துப் பெயர்களை எழுதிச் சோற்றுப் பானையில் போட்டார்கள். றிக்சனுக்குச் சுக்கானி எல்மிரான் விழுந்தது. கதையில் எல்லோருக்கும் பிடித்தவன், புயலில் கப்பலைத் தனியே பிடித்து நிறுத்தியவன். றிக்சன் சீட்டை நெற்றியில் ஒட்டிக்கொண்டு வாடியைச் சுற்றி ஓடினான். சம்மாட்டியின் மகன் டிலுக்சனுக்குக் கப்பித்தான் தாரோஸ். மெல்ரோய்க்குக் கப்பல் சமையல்காரன், ஒற்றைக்காது பிரோக். பாக்கியரத்தினத்துக்குப் பனிநாட்டு இளவரசி.

"பல்லில்லாத இளவரசி!" என்று மெல்ரோய் விழுந்து விழுந்து சிரித்தான்.

"கொப்பரிட்டைக் கேள், என்ர வடிவு தெரியும்," என்றார் பாக்கியரத்தினம்.

கடைசிச் சீட்டு சம்மாட்டியுடையது. விரித்துப் பார்த்தார். கப்பலில் கட்டியிருந்த ஆட்டின் பெயரையும் மெல்ரோய் எழுதிப் போட்டிருந்தான். வாடி அடங்கிப்போனது. பஸ்தியாம்பிள்ளை சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

"சீட்டு விழுந்தால் விழுந்ததுதான்," என்றார். "மே எண்டு கத்தவோ?"

அந்தப் பருவம் முழுக்க, 'ஆடு இழு, ஐயா இழு, எல்மிரானே தள்ளி இழு' என்று மெல்ரோய் அம்பா கட்டிப் பாடினான். சம்மாட்டியும் அதற்குக் காலெடுத்து வைத்து இழுத்தார். மகன் சிரித்தபோது மட்டும் ஒருதரம் அதட்டினார்.

வாடைக்காற்று தொடங்கியதும் கடல் பெருத்தது. வெளிக்கடலில் வலை இறக்க முடியாத மாதங்கள். ஐஸுக்கும் வேலை குறைவு. ஆனாலும் நான் போவேன். இரண்டு கட்டியை இறக்கிவிட்டு ஒரு பலகையில் குந்தி இருந்து கதை கேட்பேன். அந்தக் கிழமை தாரோஸின் வலது கையைக் கடல்மிருகம் மணிக்கட்டோடு கடித்து எடுத்தது. அஞ்சலினா அதை வாசித்தபோது டிலுக்சன் தன் கையைச் சட்டைக்குள் ஒளித்து, வெறும் சட்டைக்கையை ஆட்டிக் காட்டினான். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு மாதம் போயிருக்கும். வாடியில் கறிக்கு மீன் இல்லை. டிலுக்சன் உள்குடாவுக்குள் படகை எடுத்துப்போய், சட்டத்துக்கு மாறாக டைனமைட் போட்டு மீன்பிடிக்கப் பார்த்தான். சம்மாட்டிக்குத் தெரியும், வாடியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே ஒரு பாறைக்குப் பக்கத்தில் நேவிப் படகு நின்றது. அதைக் கண்டு பதறி, பற்றவைத்ததை எறியப் பிந்திவிட்டான். கையிலேயே வெடித்தது. வலது கை மணிக்கட்டோடு போனது. நேவிக்காரர் படகையும் எஞ்சினையும் எடுத்துக்கொண்டார்கள். அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலங்கோடு வைத்திருந்தார்கள்.

நான் போனபோது வாடியில் ஒரே கதைதான்.

"தாரோஸ் எண்டு சீட்டு விழுந்தவனுக்கு தாரோஸின்ர கை போச்சு," என்றார் பாக்கியரத்தினம். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். "அதே கை. வலது கை."

சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

பஸ்தியாம்பிள்ளை ஒரு மூலையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "நேவிக்காரன் சும்மா வந்து அந்தக் கல்லடியில நிப்பானோ? ஆரோ சொல்லியிருக்கிறாங்கள். இந்த வாடிக்குள்ள இருக்கிறவன்தான் சொன்னவன்."

"றிக்சனைத் துறைமுக ஜெட்டிப் பக்கம் கண்டனான்," என்றார் பாக்கியரத்தினம். "நேவிக்காரன் ஒருத்தனோட நிண்டவன்."

"நண்டு விக்கப் போனனான், அண்ணை," என்றான் றிக்சன். "அவங்கட குசினிக்கு நண்டு குடுக்கிறது உங்களுக்குத் தெரியாதோ? அந்தோனியாராணை வேற ஒண்டும் கதைக்கேல்லை."

சம்மாட்டி தலையை நிமிர்த்தி அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு மறுபடி நிலத்தைப் பார்த்தார்.

இனி வருவதை அஞ்சலினா பிற்பாடு எனக்குச் சொன்னாள். அவள் எப்போதும் மறுநாள் வாசிக்க வேண்டிய பக்கங்களை வீட்டில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் வருவாள், கடினமான சொல்லில் தடக்குப்படாமல் இருக்க. இரண்டு கிழமை கழித்து ஒரு நாள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று அடுத்த அதிகாரத்தைப் பார்த்தாள். 'வெண்கொக்கு' ஒளிந்திருக்கும் விரிகுடாவில், மலையுச்சியில் ஒருவன் விளக்கைத் தூக்கிப் பிடித்து எதிரிக் கப்பல்களுக்கு வழி காட்டுகிறான். ஒளி அவன் முகத்தில் விழுகிறது. எல்மிரான்.

சோறு அடிப்பிடித்தது அவளுக்குத் தெரியவில்லை. றிக்சன் வந்து பானையை இறக்கினான்.

"என்னடி, ஆளைப் பேய் அடிச்ச மாதிரி நிக்கிறாய்?"

"இஞ்சருங்கோ, நாளைக்கு வாசிக்கிறதில ஒரு விசயம் இருக்கு. எல்மிரானைப் பற்றி."

அவன் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். "சொல்லாத! முன்னுக்குச் சொன்னியெண்டால் இந்த வீட்டில சோறு தின்ன மாட்டன்."

"விளையாட்டில்லை. கேளுங்கோ."

"லா லா லா," என்று பாடிக்கொண்டே முற்றத்துக்கு ஓடினான். வேலிக்கு அப்பால் நின்று, "எல்மிரானுக்கு ஒண்டும் நடக்காது, எனக்குத் தெரியும்!" என்று கத்தினான்.

அவள் மறுநாள் வாடிக்குப் போகாமல் விடத்தான் நினைத்தாள். ஆனால் சம்மாட்டியே ஆள் அனுப்பினார். வந்து வாசிக்கட்டாம், தலை வெடிக்குதாம், எதையாவது காதில் கேட்க வேணுமாம். போகாவிட்டால் ஏன் போகவில்லை என்ற கேள்வி வரும். புத்தகம் அங்கே ஒருவர் கைக்குப் போனால் முடிந்தது. ஒரு வழி கண்டுபிடித்தாள். கதையில் ஹார்டோ என்று ஒரு மாலுமி. அந்தப் பெயரைச் சீட்டில் ஒருவரும் எடுக்கவில்லை. எல்மிரான் என்று வரும் இடத்தில் ஹார்டோ என்று வாசித்துவிட்டால் ஒருவருக்கும் சேதம் இல்லை.

அந்தப் பின்னேரம் நான் பலகையில் இருந்தேன். காற்று கிடுகைத் தூக்கித் தூக்கி அடித்தது. வாடிக்கு நடுவில் வலை குவிந்து கிடந்தது, சுற்றிவர ஆட்கள். றிக்சன் வலையின் அடிவிளிம்பில் கட்டும் ஈயக்கயிற்றில் கழன்ற ஈயங்களைக் கோத்துக்கொண்டிருந்தான். மெல்ரோய் எல்லோருக்கும் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்தான். அஞ்சலினா நன்றாகத்தான் வாசித்தாள். விரிகுடாவின் இருட்டை வாசித்தபோது ஊசிகள் நின்றன. விளக்கு ஏறியபோது ஒருவன் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது.

"ஒளி அவன் முகத்தில் விழுந்தது. தோழர்கள் கீழே இருந்து பார்த்தார்கள். அவன்... ஹார்டோ."

பாக்கியரத்தினம் எழும்பிவிட்டார்.

"ஹார்டோவோ? ஹார்டோவைப் பாம்புத்தீவில நண்டு திண்டது! நான் அண்டைக்கு அழுதனான், பிள்ளை!"

"ஓம், ஓம், தலையைத்தானே முதல்ல திண்டது," என்றான் இன்னொருவன்.

அவள் அதை மறந்துவிட்டிருந்தாள். வாசித்தவள் மறந்ததை, ஊசி குத்திக்கொண்டு கேட்டவர்கள் மறக்கவில்லை. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் றிக்சன்.

"அஞ்சலி, வரி மாறிப்போச்சு. வடிவாப் பாத்து வாசி. செத்தவன் எப்பிடி விளக்குப் பிடிக்கிறது?"

சம்மாட்டி சிரிக்கவில்லை. மூலையில் இருந்து எழும்பி வந்து நின்றார்.

"ஆர் அது? காட்டிக் குடுத்தவன் ஆர்? பேரைச் சொல்லு, பிள்ளை."

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். அவள் முன்னால் மெல்ரோய் குனிந்து தேத்தண்ணிக் கோப்பையை நீட்டிக்கொண்டு நின்றான்.

"பிரோக்," என்றாள்.

மெல்ரோய்க்கு அது பெரும் பகிடியாகப் போய்விட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினான். "ஐயோ, பிடிபட்டிட்டன்! நான்தான் காட்டிக் குடுத்தனான். கட்டுங்கோ, சம்மாட்டி. ஆடு வந்து முட்டட்டும்!"

பஸ்தியாம்பிள்ளை சுவரோரம் சாத்தியிருந்த துடுப்பை எடுத்தார்.

முதல் அடி தோளில் விழுந்தது. மெல்ரோய் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்; பகிடியின் மிச்சம் என்று நினைத்திருப்பான். இரண்டாவது அடி நீட்டிய கைகளில் விழுந்தது. விரல் முறிந்த சத்தம், காய்ந்த கிடுகு மட்டை முறிவதுபோல் இருந்தது. அப்போதுதான் கத்தினான். "சம்மாட்டி, நானில்லை! கதையில, கதையில!" என்றான். அவனை எழும்ப விடவில்லை. ஒவ்வொருவராக எழும்பினார்கள். பாக்கியரத்தினம் உதைத்தார். அந்த மெலிந்த கால் அவன் விலாவில் போய்ப் போய் வந்தது. மெல்ரோய் வலைக்குவியலுக்குள் தவழ்ந்து ஒளியப் பார்த்தான். கண்ணிகளில் கை சிக்கிக்கொண்டது. மீனை வெளியே இழுப்பதுபோல வலையோடு சேர்த்து இழுத்தார்கள். கேத்தல் கவிழ்ந்து கொதிதண்ணீர் அவன் முதுகில் ஊற்றுண்டது. நான் ஒருவனின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். அவன் முழங்கையால் என் வாயில் இடித்தான். நான் நிலத்தில் இருந்தேன். அங்கிருந்து பார்த்ததுதான் இது.

றிக்சன் கடைசியாக எழும்பினான். கிழமைக் கணக்காகத் தன் முதுகில் கிடந்த பார்வை இறங்கிவிட்ட ஆறுதல் அவனுக்கு இருந்திருக்கும். அல்லது அது இறங்கிவிட்டது என்று எல்லோருக்கும் காட்ட வேண்டியிருந்திருக்கும். கையில் இருந்த ஈயக்கயிற்றை இரண்டாக மடித்தான். தலைக்கு மேலே ஒருமுறை சுழற்றினான். அஞ்சலினா "வேண்டாம்!" என்று குரல் எடுத்தாள். ஈயங்கள் மெல்ரோயின் முகத்தில் விழுந்தன. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு வரவில்லை. ஈரமான சத்தம்.

மெல்ரோய் கத்துவதை நிறுத்தினான். எல்லோரும் நிறுத்தினார்கள். அவனுடைய இடது கண் இருந்த இடத்தில் கண் இல்லை.

காற்று மட்டும் கிடுகை அடித்துக்கொண்டிருந்தது. மணலில் புத்தகம் விரிந்து கிடந்தது. அஞ்சலினா குனிந்து அதை எடுத்து, மணலைத் தட்டி, மூடினாள்.

அவனை நான்தான் லொறியில் ஏற்றினேன். ஐஸ்கட்டிகளுக்கு நடுவில் சாக்கு விரித்துக் கிடத்தினேன். வேறு இடம் இருக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவைத் திறந்தபோது உருகின தண்ணீர் சிவப்பாக வழிந்து என் செருப்பை நனைத்தது. அவனுடைய அக்கா சுலக்ஷனா ஹோட்டல் வேலை உடுப்போடு ஓடி வந்தாள்.

"எதுக்கு அண்ணை அடிச்சவங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். ஒரு புத்தகத்தில் என்று தொடங்க வேண்டும். தொடங்க முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பொலிஸ் கேட்டபோது மெல்ரோய் படகில் விழுந்ததாகச் சொன்னான். கரையில் பிறந்தவன் கரைக்கு எதிராக வாக்குமூலம் கொடுப்பதில்லை. அதை நான் அப்போது மெச்சினேன். இப்போது மெச்சவில்லை.

வாசிப்பு நின்றது. நத்தார்ப் பண்டிகை வந்து போனது. சவுக்குமுனையில் பலகாரம் சுட்ட வீடுகள் குறைவு. அஞ்சலினா புத்தகத்தை அலுமாரிக்குள் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தாள். எரித்திருக்கலாம். ஏன் எரிக்கவில்லை என்று நான் கேட்டபோது, "மிச்சம் வாசிக்கேல்லை, அண்ணை," என்றாள்.

றிக்சனாலும் மிச்சத்தைக் கேளாமல் இருக்க முடியவில்லை. அவன் ஐந்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். அவள் பாலர் பாடசாலைக்குப் போயிருந்த ஒரு காலையில் புத்தகத்தைத் தேடி எடுத்து, நிறுத்திய இடத்தில் இருந்து தொடங்க அந்தப் பக்கத்தைத் திறந்தான். ஒளி அவன் முகத்தில் விழுந்தது. விரலை வைத்து வைத்து வாசித்தான். எல்மிரான். மறுபடி வாசித்தான்.

அவள் வீட்டுக்கு வந்தபோது குசினி நிலத்தில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"இதில என்ர பேரெல்லோ கிடக்கு," என்றான்.

"ஓம்."

"தெரிஞ்சுதான் மாத்தினனியோ?"

"உங்களை அடிச்சே சாகடிச்சிருப்பாங்கள். அண்டைக்குச் சொல்ல வந்தனான். நீங்கள் காதைப் பொத்தினீங்கள்."

எழும்பி அவள் முகத்தில் அறைந்தான். அவள் அம்மிக் கல்லில் போய் மோதினாள். கீழுதடு வெடித்தது. மறுபடி கையை ஓங்கியவன் தன் கையையே பார்த்தான்.

"நான் அவன்ர கண்ணை எடுத்திட்டன், அஞ்சலி. எனக்கு விழவேண்டியதுக்கு அவன்ர கண்ணை எடுத்திட்டன்."

வெளியே எவரோ மீன் மீன் என்று கூவிக்கொண்டு போனார்கள். அவள் தண்ணீர் அள்ளி வாயைக் கழுவினாள். இரத்தம் நிற்கவில்லை. சேலைத் தலைப்பால் அமர்த்திப் பிடித்துக்கொண்டு, புத்தகத்தை ஒரு பையில் போட்டாள்.

"வாங்கோ," என்றாள்.

"எங்க?"

"வாடிக்கு."

அவன் மறுக்கவில்லை. அவளுக்குப் பின்னால் நடந்தான்.

நான் அப்போதுதான் ஐஸ் இறக்கி முடித்திருந்தேன். ஆட்கள் வலையைச் சுற்றி இருந்தார்கள். சமைக்க மெல்ரோய் இல்லாததால் பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் வழமையாக இருக்கும் பெட்டியில் இருக்கவில்லை. நின்றுகொண்டே அந்தப் பக்கத்தை வாசித்தாள். உதடு வீங்கியிருந்ததால் சொற்கள் தடித்து வந்தன. விளக்கு ஏறியது. ஒளி முகத்தில் விழுந்தது.

"அவன் எல்மிரான்," என்று வாசித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பி எல்லோருக்கும் காட்டினாள். "அச்சில கிடக்கிறது இதுதான். பிரோக் எண்டது நான் சொன்ன பொய். இவரைக் காப்பாத்தச் சொன்னனான்."

பாக்கியரத்தினம் பாண்துண்டைக் கீழே வைத்தார். "கடவுளே," என்றார்.

"சீட்டுத்தான் சொல்லுமெண்டால் இப்ப சொல்லிப்போட்டுது," என்றாள் அஞ்சலினா. "இந்தா நிக்கிறார். அடியுங்கோ. இல்லாட்டி மெல்ரோய்க்கு எதுக்கு அடிச்சனீங்கள் எண்டு எனக்குச் சொல்லுங்கோ."

அவள் எதிர்பார்த்தது என்ன என்று நான் பிறகு கேட்டதில்லை. அவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைத்திருக்கலாம். பஸ்தியாம்பிள்ளை எழும்பினார். அதே துடுப்பு அதே இடத்தில் சாத்தியிருந்தது.

"இஞ்ச வா," என்றார்.

றிக்சன் போய் முன்னால் நின்றான். கையைத் தூக்கவில்லை. சம்மாட்டி துடுப்பை முழுவீச்சில் வீசி அவன் வலது முழங்காலில் அடித்தார். எலும்பு உடைந்து கால் பக்கவாட்டில் மடிந்தது. றிக்சன் விழுந்தான். விழுந்த இடத்தில் மறுபடியும் அடித்தார். அஞ்சலினா குறுக்கே போய் விழ, மூன்றாவது அடியை நிறுத்த முடியாமல் அது அவள் முதுகில் இறங்கியது.

இம்முறை வேறு ஒருவரும் எழும்பவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் கிடந்த வலைக்கண்ணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காணும், சம்மாட்டி," என்றார் பாக்கியரத்தினம். போதும் என்று கையைக் காட்டினார். "காணும்."

பஸ்தியாம்பிள்ளை துடுப்பைப் போட்டுவிட்டு, ஓர் ஐஸ்பெட்டியின் மேல் இருந்தார். மூச்சு இரைத்தது. சட்டைப் பைக்குள் கையை விட்டார். மடித்த சிகரட் மட்டைத் துண்டு ஒன்றை எடுத்து, விரித்து, பார்த்து, மறுபடி மடித்தார். றிக்சனின் முனகல் மட்டும் கேட்டது. கடலில் அலை உடைந்து உடைந்து வந்தது.

"வாசி, பிள்ளை," என்றார் கடைசியில். "தாரோஸுக்கு என்ன நடக்குதெண்டு வாசி. என்ர பொடியனுக்கு என்ன நடக்குதெண்டு நான் தெரிஞ்சுகொள்ள வேணும்."

அஞ்சலினா கணவனின் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தாள்.

"ஏலாது," என்றாள்.

டிலுக்சனின் வழக்கு நடந்தபோது உண்மை தெரிந்தது. நேவிப் படகின் எஞ்சின் அன்று விடியவே பழுதாகி, அது நீரோட்டத்தில் இழுபட்டு வந்து அந்தப் பாறைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டு உதவிக்குக் காத்து நின்றிருக்கிறது. ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டிலுக்சன் சிறையிலிருந்து வந்து இப்போது வீதியோரம் கைபேசிக்குக் காசு ஏற்றும் ஒரு ரீலோட் கடை வைத்திருக்கிறான். இடது கையால் வேகமாக எழுதுவான். பஸ்தியாம்பிள்ளை வலையை விற்றுவிட்டார். அடுத்த வாடையில் படுக்கையில் விழுந்து இறந்தார். பாக்கியரத்தினம் கோயில் மணி அடிக்கிறார். சீட்டுப் போடும் நாளில் அவர் முற்றத்துக்கு வருவதில்லை. மெல்ரோய் உப்புவெளியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறான். ஒரு கண்ணும் சரியாக மடங்காத இரண்டு விரல்களும் அவனுக்குக் கிடைத்தவை. அஞ்சலினா ஒருதரம் அவனிடம் போனாள். அவன் குசினியில் இருந்து வெளியே வரவில்லை. ஒரு கோப்பை பிளேன்டீயை மட்டும் வேறொருவன் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனானாம். அவள் குடிக்காமல் எழும்பி வந்தாள். றிக்சன் கால் இழுத்து நடக்கிறான், கடலுக்குப் போவதில்லை, குடிக்கிறான். அஞ்சலினா பாலர் பாடசாலையில் இன்னும் படிப்பிக்கிறாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பாள், கதை வாசிப்பதில்லை.

புத்தகத்தை அவள் என்னிடம் தந்துவிட்டாள். கடைசிவரைக்கும் வாசித்தேன். பிறகும் ஒருமுறை வாசித்தேன். நல்ல கதை.